முப்பத்தைந்து கிராம் ஹெலிகாப்டர்

இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் முழுச் சுமையோடு எழும்பும்போது அதன் எடை 13,000 கிலோ வரை இருக்கலாம். தலைக்குமேல் சுற்றும் ஐந்து இறகுகள் வரையும் வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 21.3 மீட்டர். இந்த இயந்திரத்தை நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றிலும் 72இல் ஒரு பங்காகக் குறுக்கினால், இறகுகளின் வட்டம் 296 மி.மீ. ஆகி ஒரு பள்ளிக்கூட அடிக்கோலின் நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது. எடையோ கன அளவைப் பின்தொடர்வதால் 72 × 72 × 72, அதாவது 3,73,248 என்ற எண்ணால் வகுபட்டு, 35 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. துல்லியமான சிறு மாதிரி செய்வதை வெறும் வகுத்தல் கணக்காக எண்ணுவோருக்கு இவ்விரண்டு எண்களே முதல் எச்சரிக்கை: நீளம் ஒரு விதமாகவும் எடை வேறொரு விதமாகவும் குறைகிறபோது, எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்துவிட்டு மூலத்தின் சாயல் தானாக வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது.

சொல்லைப் பற்றியும் இங்கே ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. ஈழத்தமிழில் உலங்குவானூர்தி என்ற சொல் செய்தித்தாள்களிலும் வானொலியிலும் நன்றாக ஊறிப்போயிருக்க, தமிழகத்திலோ தனித்தமிழ் இயக்கத்தின் முதல்வரான மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய மறைமலைநகரில்கூட, வானத்தில் இரைச்சல் கேட்டு வீட்டுக்கு வெளியே ஓடிவரும் குழந்தைகள் ஹெலிகாப்டர் என்றே கூவுகிறார்கள். இக்கட்டுரையும் அந்த வழக்கோடு போகிறது. மேலே சுற்றும் இறகுத் தொகுதி இங்கே சுழலி என்றும், வாலில் பக்கவாட்டில் சுற்றுவது வால் சுழலி என்றும் குறிக்கப்படும்.

72இல் ஒன்று என்ற விகிதத்தை அறிவியல் தேர்ந்தெடுக்கவில்லை. அது அடி-அங்குலக் கணக்கு பெற்ற பிள்ளை. ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிட்டால் கணக்கு எளிது என்பதால், 1932இல் பிரிட்டனில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வடிவமைத்த ஸ்கைபேர்ட்ஸ் மர மாதிரிகள் அந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானங்களை அடையாளம் காணப் பயிற்சி தந்த மாதிரிகளும் அதே விகிதத்தில் செய்யப்பட்டதால் அது உலக வழக்காயிற்று. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் பிறந்தது 48இல் ஒன்று. 35இல் ஒன்றின் பிறப்பு இன்னும் வேடிக்கையானது: 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் ஒரு டாங்கி பொம்மையைச் செய்தபோது, உள்ளே பேட்டரிகள் உட்காரும் அளவுக்கு உடலை வைத்துக்கொண்டது, பிறகு அளந்து பார்த்தால் அது ஏறத்தாழ 35இல் ஒரு பங்காக இருந்தது. இன்று படைவீரர்களையும் வண்டிகளையும் ஒரே காட்சியில் சேர்க்க விரும்புவோர் அந்த பேட்டரியின் கட்டளைக்கு உட்பட்டே வேலை செய்கிறார்கள். அந்த விகிதத்தில் எம்.ஐ.-17இன் சுழலி 609 மி.மீ. அகலம் கொள்ளும், வீட்டு அலமாரியின் ஒரு தட்டு அதற்கே போய்விடும் என்பதால் 72இல் ஒன்றின் செல்வாக்கு குறையாமல் இருக்கிறது.

பெட்டியில் பாகங்களாக வரும் பிளாஸ்டிக் தொகுதியை மாதிரி செய்வோர் கிட் என்று அழைக்கிறார்கள். பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, ஆறியதும் அச்சைப் பிளந்து எடுப்பதே இதன் உற்பத்தி முறை. மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் பகுதிகளில் கார்களுக்குப் பிளாஸ்டிக் உறுப்புகள் வார்க்கும் பட்டறைகளில் வேலை செய்பவர் ஒருவர் இந்தக் கிட்டைக் கையில் எடுத்தால், ஹெலிகாப்டரைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் அதன் குறைகளைப் பெயர் சொல்லிக் காட்டிவிடுவார். இணைப்பு ஓரத்தில் மெல்லிய தோலாக நீட்டிக்கொண்டிருப்பது பிசிறு. தடித்த இடம் ஆறும்போது உள்வாங்கிப் பள்ளம் விழுந்தால் அது சிங்க் மார்க். அச்சிலிருந்து பாகம் சிக்காமல் கழன்று வருவதற்காகப் பக்கச் சுவர்களுக்குக் கொடுக்கும் லேசான சாய்வு டிராஃப்ட். ஹெலிகாப்டரின் உடல் இடப்பாதி, வலப்பாதி என இரண்டாக வார்க்கப்படுவதால், பக்கவாட்டின் நடுவில் உள்ள ரிவெட் தலைகள் கூர்மையாக வர, முதுகையும் வயிற்றையும் நோக்கி வளையும் இடங்களில் அவை மங்கி மழுங்குகின்றன. அச்சு திறக்கும் திசைக்குக் குறுக்கே எந்த நுணுக்கமும் தங்காது என்பதே காரணம்.

தடிமன் இதைவிடப் பெரிய சிக்கல். உண்மையான ஹெலிகாப்டரின் அலுமினியத் தோல் ஒரு மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், 72இல் ஒரு பங்கு 0.014 மி.மீ., அதாவது தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. உருகிய பிளாஸ்டிக் அவ்வளவு குறுகிய இடுக்கில் ஓடாது. கிட்டின் சுவர் ஒரு மி.மீ. இருக்குமானால் அது மூலத்தின் அளவில் 72 மி.மீ. கனமுள்ள சுவர், பறக்கும் இயந்திரத்தைவிட டாங்கிக்குப் பொருத்தமான கவசம். மூடிய உடலில் இது தெரியாது. கதவு திறந்திருக்கும்போதும், சன்னல் விளிம்பிலும், புகைபோக்கியின் வாயிலும் காட்டிக்கொடுத்துவிடும். எனவே தேர்ந்த கைகள் சுவர் முழுவதையும் மெலிதாக்க முயல்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் உள்பக்கத்திலிருந்து பிளேடாலும் உப்புத்தாளாலும் சீவிக் கத்திமுனைபோல் ஆக்கி, உள்ளே கனத்தை அப்படியே விட்டுவிடுகின்றன. தகடுகள் சேரும் கோடுகளிலும் இதே நிலைதான். மூலத்தில் இரண்டு மி.மீ. இடைவெளி என்றால் மாதிரியில் 0.03 மி.மீ. இருக்க வேண்டும், கிட்டில் செதுக்கியிருப்பதோ அதைப்போல ஐந்து மடங்கு, ஆனாலும் 0.03 மி.மீ. கோட்டைக் கீறினால் முதல் பூச்சிலேயே பெயின்ட் அதை நிரப்பிவிடும் என்பதால், அந்தப் பொய்யை எல்லோரும் ஒப்புக்கொண்டு நடக்கிறார்கள்.

சுழலியின் இறகுகளில்தான் இக்கலையின் இயற்பியல் முழுமையாக வெளிப்படுகிறது. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் ஓரமாகவோ, அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலோ நிற்கும் ஹெலிகாப்டரைக் கவனித்தவர்களுக்கு, ஓய்வில் இருக்கும் இறகுகள் தென்னை மட்டையைப்போல நுனி தாழ்ந்து தொங்குவது தெரிந்திருக்கும். சுழலத் தொடங்கியதும் மையவிலக்கு விசை அவற்றை வெளிநோக்கி இழுத்து விறைப்பாக்குகிறது. மேலெழும்பும் வேளையில், முழு எடையையும் இறகுகளே தூக்குவதால், அவை நேர்கோட்டைத் தாண்டிச் சில பாகை மேல்நோக்கி வளைந்து, கவிழ்த்த குடை திரும்பிக்கொண்டதுபோல ஒரு தட்டையான கூம்பை அமைக்கின்றன. ஆகவே தரையில் நிற்கும் மாதிரிக்குத் தொய்வும், பறக்கும் மாதிரிக்குக் கூம்பும் வேண்டும். கிட்டில் வரும் இறகுகளோ பெரும்பாலும் அடிக்கோல்போல நேராக இருக்கின்றன.

அவை ஏன் தாமாகத் தொய்வதில்லை என்ற கேள்விக்குப் பொறியியலில் விடை உண்டு. ஒரு முனையில் பிடிக்கப்பட்ட சட்டம் தன் எடையாலேயே வளையும் அளவு, அதன் ஒரு மீட்டர் நீளத்துக்கான எடையையும் நீளத்தின் நான்காம் அடுக்கையும் பொறுத்துக் கூடும். அதன் குறுக்குவெட்டின் விறைப்பைப் பொறுத்துக் குறையும். எல்லா அளவுகளையும் 72இல் ஒரு பங்காக்கும்போது விறைப்பும் நீளத்தின் நான்காம் அடுக்கும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட, எஞ்சுவது எடையின் பங்கு மட்டுமே. அது 72 × 72, அதாவது 5,184இல் ஒன்றாகக் குறைகிறது. மூலத்தில் இறகின் நுனி அரை மீட்டர் தாழ்கிறது என்று கொண்டால், மாதிரியில் அது ஏழு மி.மீ. தாழ்ந்தால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும். இயற்கை கொடுப்பதோ ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் உலோகத்தைவிட நெகிழ்வானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஒரு மி.மீ. தேறாது. எறும்பின் கால் மெலிந்திருந்தும் வளையாதிருப்பதற்கும் யானையின் கால் தூண்போல் இருப்பதற்கும் காரணமான அதே விதி இங்கேயும் வேலை செய்கிறது. எனவே கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள வெந்நீரில் இறகைச் சில நொடிகள் தோய்த்து, எவர்சில்வர் டம்ளரின் வளைந்த புறத்தில் வைத்து விரலால் அழுத்தி, பச்சைத் தண்ணீரில் போட்டு அந்த வளைவை நிலைநிறுத்துகிறார்கள். ஐந்து இறகுகளும் ஒரே அளவில் வளைய வேண்டும் என்பதற்காக ஒரே டம்ளரை, ஒரே உயரத்தில் கோடிட்டு, ஐந்து முறையும் பயன்படுத்துவது வழக்கம். எம்.ஐ.-17இன் சுழலி மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளின் திசையிலும், அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலி எதிர்த்திசையிலும் சுற்றுவதால், இறகின் தடித்த முன்விளிம்பு எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். இறகைத் திருப்பி ஒட்டிய மாதிரிகள் போட்டிப் பரிசு வாங்கியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

குறுக்கும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற சிக்கல் மாமல்லபுரக் கடற்கரைக்குப் புதிதன்று. ஐந்து ரதங்கள் என்று வழங்கும் ஏழாம் நூற்றாண்டு ஒற்றைக்கல் கோயில்கள், அக்காலத்தில் மரத்தாலும் செங்கல்லாலும் கூரைவேய்ந்தும் கட்டப்பட்ட கட்டடங்களின் கல் மாதிரிகள் என்பது கலை வரலாற்றாளர்கள் பலர் ஏற்கும் கருத்து. திரௌபதி ரதம் ஓலைக்குடிசையின் வளைந்த கூரையைக் காட்டுகிறது. சகதேவ ரதத்தின் பின்புறம் தூங்கானை மாடமாக வளைய, பக்கத்திலேயே ஒரு கல் யானை தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மரக் கட்டடத்தில் சுமை தாங்குவதற்காக இருந்த உத்திர முனைகளும் வளைவுகளும் கல்லில் எந்தச் சுமையும் தாங்காமல் அடையாளமாக மட்டும் எஞ்சியிருப்பதைப் பார்க்கும்போது, கிட்டின் உடலில் புடைத்திருக்கும் ரிவெட் தலைகள் நினைவுக்கு வராமல் போவதில்லை. அவையும் எதையும் இணைக்கவில்லை. உருவத்தின் அளவுகளை வகுக்கும் சிற்பிகளின் தாள முறை இதைவிட ஆழமானது. உத்தம தசதாளம் என்ற வகையில் உருவத்தின் மொத்த உயரம் 124 பங்குகளாக்கப்பட்டு, ஒரு பங்கு ஓர் அங்குலம் எனப்படுகிறது. அதில் எட்டில் ஒன்று யவம். இந்த அங்குலம் விரற்கடையையோ அளவுகோலையோ சாராமல், செய்யப்படும் உருவத்திலிருந்தே பிறப்பதால், 62 செ.மீ. சிலையில் ஐந்து மி.மீ. ஆகவும், 6.2 மீட்டர் சிலையில் ஐந்து செ.மீ. ஆகவும் தானே மாறிக்கொள்கிறது. 1957இல் தொடங்கப்பட்ட மாமல்லபுரம் சிற்பப் பயிற்சி நிலையத்தின் வழிவந்த கல்லூரியில் இன்றும் இம்முறை கற்பிக்கப்படுகிறது. ஹெலிகாப்டர் மாதிரி செய்பவர் சக்கரத்தின் விட்டத்தை ஒரு பங்காக வைத்துக்கொண்டு, புகைப்படத்தில் கதவு எத்தனை சக்கரம் அகலம், வால் எத்தனை சக்கரம் நீளம் என்று எண்ணுவது தாளக் கணக்கின் தூரத்து உறவே.

ஆனால் எண்ண வேண்டிய மூலமே மாறிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கும் போதாது. சிறப்பு நடவடிக்கை ஹெலிகாப்டர் என்பது இரவிலும் தாழ்வாகவும் பறந்து, சிறு கமாண்டோ குழுவை எதிர்பாராத இடத்தில் இறக்கித் திரும்பக் கொண்டுவருவதற்காக மாற்றியமைக்கப்பட்ட வகை. 1980 ஏப்ரலில் ஈரானில் பணயக் கைதிகளை மீட்க அமெரிக்கா எடுத்த முயற்சி, ஹெலிகாப்டர்கள் பாலைவனப் புழுதியில் பழுதாகிக் குலைந்ததை அடுத்து, அந்நாடு இதற்கெனத் தனி ஹெலிகாப்டர் பிரிவை 1981இல் உருவாக்கியது. தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரண உடலின்மேல், வெப்பத்தைக் கொண்டு இருளில் காணும் கேமரா உருண்டை, வானிலேயே எரிபொருள் வாங்கும் குழாய், எஞ்சின் புகையைக் குளிர்விக்கும் பெட்டி, ஏவுகணையைத் திசைதிருப்பும் தீப்பொறிக் கூடு, பல வடிவ ஆன்டெனாக்கள் என்று ஒவ்வொன்றாக ஏறுகின்றன. இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே ஹெலிகாப்டர் இரண்டு தோற்றம் கொள்ளும். ஆகவே இங்கே பொதுவாக எம்.ஐ.-17 என்று ஒன்று கிடையாது. இந்த எண்ணுள்ள ஹெலிகாப்டர், இந்த மாதத்தில் என்ற அளவுக்குப் போனால்தான் துல்லியம் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கும்.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான, கசப்பான எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1987 அக்டோபர் 11க்கும் 12க்கும் இடைப்பட்ட இரவில் பலாலி விமானத்தளத்திலிருந்து கிளம்பிய இந்திய ஹெலிகாப்டர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் கமாண்டோக்களையும் சீக்கிய இலகு காலாட்படையினரையும் இறக்கின. காத்திருந்த விடுதலைப் புலிகளின் துப்பாக்கிச் சூட்டில் சீக்கியப் படையினரில் ஒருவர் தவிர இறங்கிய அனைவரும் இறந்தனர். அங்கே பறந்தவை எம்.ஐ.-8. அதன் அடுத்த தலைமுறையான எம்.ஐ.-17க்கும் அதற்கும் உடல் ஏறக்குறைய ஒன்றே என்றாலும், எம்.ஐ.-8இன் வால் சுழலி வலப்பக்கம், எம்.ஐ.-17இன் வால் சுழலி இடப்பக்கம். ஏறத்தாழ 1,500 குதிரைத்திறனாக இருந்த ஒவ்வொரு எஞ்சினுக்கும் பதில் 1,900ஐத் தாண்டிய எஞ்சின் வந்தபோது, உடல் எதிர்த்திசையில் திரும்புவதைத் தடுக்க வால் சுழலிக்குக் கூடுதல் வலு தேவைப்பட்டது. அதற்காகவே அது பக்கம் மாறியது. கடையில் எளிதாகக் கிடைக்கும் எம்.ஐ.-17 கிட்டைக் கொண்டு அந்த இரவைச் சித்திரிப்பவர் வாலிலேயே தவறிவிடுகிறார்.

மும்பையிலும் இதுபோன்ற ஒரு பொறி உண்டு. 2008 நவம்பர் 28 காலை, தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள் பயங்கரவாதிகள் பிடித்துவைத்திருந்த நரிமன் ஹவுஸ் மாடியில் எம்.ஐ.-17இலிருந்து கயிற்றைப் பற்றிச் சறுக்கி இறங்கியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. இன்று விமானப்படையில் பரவலாகக் காணப்படும் எம்.ஐ.-17 வி5, பின்புறம் சரிந்திறங்கும் சாய்தளக் கதவும் ஓங்கில் மீனின் மூக்குபோன்ற முகப்பும் கொண்டது. அதற்கான ஒப்பந்தமே 2008 டிசம்பரில்தான் கையெழுத்தாகி, ஹெலிகாப்டர்கள் 2011 முதல் வந்தன. மூக்கு நீண்ட வி5ஐ நரிமன் ஹவுஸ் மாடிமேல் நிறுத்தும் மாதிரி, எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும் காலம் பிறழ்ந்தது. கயிறும் கணக்குக்குள் வரும்: நான்கு செ.மீ. பருமனுள்ள கயிறு 72இல் ஒரு பங்காக 0.56 மி.மீ.; தையல் நூல் அதற்கு மெலிவு, சாதாரணச் சணல் கயிறு அதற்குத் தடிப்பு. ஒருவர் தொங்கும் கயிறு விறைப்பாக நிற்க வேண்டும் என்பதால் நூலைவிட்டுச் செம்புக் கம்பியைத் தேடுவதே நல்லது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 72இல் ஒன்று மாதிரியை ஒரு முழத்துக்கும் குறைவான 30 செ.மீ. தொலைவில் பார்ப்பது மூலத்தை 21.6 மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தொலைவில் மூலத்தின் அடர்நிறம் வெளிறித் தெரியும் என்பது மாதிரி செய்வோரின் கருத்து; தொழிற்சாலைக் குறிப்பில் உள்ள அதே நிறத்தைப் பூசினால் மாதிரி கறுத்துத் தெரிகிறது. சிறிது வெள்ளையோ சாம்பலோ கலக்கிறார்கள். செங்கல்பட்டுக் கடற்கரைப் பகுதிக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது: ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லாக்கர் வகைப் பெயின்டைத் தெளித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்க, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வெண்பூஞ்சை பூத்ததுபோல் ஆகிவிடும். மரச்சாமான் பாலிஷ்காரர்கள் மழைநாளில் வேலையை ஒத்திவைப்பதும் இதனால்தான்.

மூலமே மறைக்கப்பட்டிருக்கும்போது துல்லியத்துக்கு என்ன வழி என்ற கேள்வி பழையது. 1961இல் அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம் போலாரிஸ் அணுநீர்மூழ்கியின் உள்ளமைப்பைக் காட்டும் கிட்டை மூன்று டாலருக்கும் குறைவான விலையில் விற்றபோது, அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ரிக்கோவர் அது எதிரிக்கு ரகசியத்தைத் தூக்கிக் கொடுப்பதாகக் கொதித்தார். 1986இல் டெஸ்டர்ஸ் நிறுவனம் ரேடாருக்குத் தெரியாத போர்விமானம் என்று எஃப்-19 கிட்டை வெளியிட்டது. இரண்டாண்டு கழித்து அமெரிக்கா காட்டிய எஃப்-117, அந்த வளைந்த கற்பனைக்குச் சற்றும் ஒவ்வாமல், பட்டை தீட்டிய கல்போலத் தட்டை முகங்களால் ஆகியிருந்தது. ஒன்று அதிகமாகத் தெரிந்துகொண்டது, மற்றது ஒன்றும் தெரியாமல் சரளமாகப் பேசியது. விற்பனையில் இரண்டாவதுக்கும் குறைவில்லை.

2011 மே 2ஆம் தேதி பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒசாமா பின்லேடனின் வளாகத்தின்மீது நடந்த நடவடிக்கைக்காக, அமெரிக்க உளவமைப்பு அந்த வளாகத்தை 84இல் ஒரு பங்காக, ஏழடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், மேசைமேல் செய்து வைத்திருந்தது. கமாண்டோக்கள் ஒத்திகை பார்க்க முழு அளவிலும் ஒரு மாதிரி கட்டப்பட்டது. பின்னர் வெளியான விவரங்களின்படி, ஒத்திகைத் தளத்தில் சுற்றுச்சுவருக்குப் பதிலாகக் கம்பிவலை வேலி இருந்தது. சுவர் நிற்கும் இடத்தை வேலியும் காட்டியது. ஆனால் சுழலி கீழே தள்ளும் காற்று வலையின் கண்கள் வழியே வெளியேறிவிடும். உண்மையான வளாகத்தின் கனத்த சுவர்களுக்குள் அந்தக் காற்று முட்டித் திரும்பி மேலெழுந்து மறுபடி சுழலிக்குள்ளேயே புக, கீழ்நோக்கிப் பாயும் தன் காற்றிலேயே அமிழ்ந்த முதல் ஹெலிகாப்டர் தூக்குவிசை இழந்து, வால் சுவர்மீது சாய்ந்து விழுந்தது. கவனமாகக் கட்டிய மாதிரி, காற்று புகுமா புகாதா என்ற பண்பில் தவறியிருந்தது.

திரும்பும்முன் கமாண்டோக்கள் விழுந்த ஹெலிகாப்டரின் உடலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சுவருக்கு வெளியே தொங்கிய வால் மட்டும் முழுசாக எஞ்சி, விடிந்ததும் புகைப்படங்களில் வந்தது. அமெரிக்காவின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் வால் என்று யாரும் அறிந்திராத வடிவம், வால் சுழலியின் மையத்தைத் தட்டுபோல் மூடிய உறை, சாம்பல் பூச்சு. சில மாதங்களில் கிட்டுகள் சந்தைக்கு வந்தன. வாலைப் படத்தைப் பார்த்துச் செய்தவர்கள் மூக்கையும் உடலையும் எஃப்-117இன் சாயலில் தாமே இட்டுக்கட்டினார்கள். கவனமுள்ள சிலர் வேறு வழியைத் தேர்ந்தார்கள்: ஒரு செங்கல் சுவர், அதன் மேல் சாய்ந்த வால், கீழே சிதறிய கருகிய துண்டுகள், பார்த்து நிற்கும் இரண்டு மூன்று உருவங்கள். உடல் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் ஒன்றும் வைக்கவில்லை.